உன் பங்கு வேலையை யார் செய்கிறார்கள்? குரூப் 4 எழுதும் குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற வேலைகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு எதைப் படிக்கலாம் என்று கேட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் போன் செய்கிறார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். புத்தகம் பற்றிய பதில் ஒரு வரியில் முடிந்துவிடும்: ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அரசுப் பாடநூல்கள், அப்புறம் பழைய வினாத்தாள்கள். அதைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன். "நீ படிக்க உட்காரும்போது வீட்டில் உன் பங்கு வேலையை யாரும்மா செய்யறாங்க?" பலர் இந்தக் கேள்வியை எதிர்பார்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை தயாரிப்பு இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறவர். அப்பா லுங்கித் தறிக்குப் போனவர். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. இலை வெட்டுவது, தூள் வைத்துச் சுற்றுவது, நூல் கட்டுவது, தலை மடக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டும். பள்ளி விட்டு வரும் பெண் பிள்ளையின் கையும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் இருக்கும். அந்தக் கை புத்தகத்தை எடுத்தால் அன்றைக்கு எண்ணிக்கை குறையும், வாரக் கடைசியில் கூலி குறையும், மகளிர் குழுத் தவணை இடிக்கும்.

நான் கல்லூரி முடித்துத் தேர்வுக்குப் படித்த காலத்தில் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டது அம்மா. எல்லாரும் படுத்த பிறகும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டாள். விடிகாலையில் கம்பெனி வண்டி வரும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். என் டைப்ரைட்டிங் ஃபீஸ், விண்ணப்பச் செலவு, பஸ் காசு எல்லாம் அவள் சம்பளத்தில்தான் போனது. இன்றைக்கு வேலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். நான் படித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவர்கள் இரண்டு பேரும் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கஷ்டப்பட்டுப் படித்தால் யாரும் மேலே வரலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். என்னைவிட நன்றாகப் படித்த பெண்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிடக்கூடியவர்கள். அவர்களில் சிலர் இன்று தோல் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் படிப்பதற்காகக் காத்திருக்க வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லாமல் போனது. அவர்களைப் பார்த்து "முயற்சி போதவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அரசாங்கம் இந்த நேரக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒவ்வொரு முறையும் எங்கள் மாதிரிக் குடும்பங்கள் கொஞ்சம் மேலே வந்திருக்கின்றன. 1953ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று இருந்தது. தறி வீட்டுப் பிள்ளைக்கு மீதி நேரம் என்றால் தறிதான். 1954ல் காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. முதல்வரான பிறகு அவர் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குப் போனது எங்கள் குடியாத்தம் தொகுதியிலிருந்துதான். அடுத்து வந்த மதிய உணவும் இதே விஷயம்தான். பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதித்திருக்கக்கூடிய ஒரு வேளைச் சாப்பாட்டைப் பள்ளியே போட்டால், அந்தப் பகல் முழுக்கப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண் அந்தப் பணத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று பேசி வாங்கியிருக்கிறாள். அந்தப் பெண் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. (தமிழகத்தின் சமூக நலத் திட்டங்கள் தேர்வுப் பாடத்திலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கதையோடு சேர்த்துப் படித்தால் வருஷங்கள் மறக்காது.)

அதனால் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் வீட்டில் பேசுங்கள். "படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் பெற்றோருக்குப் பயம்தான் வரும். எத்தனை வருஷம் என்று தெரியாது, இதற்கு நடுவில் மாப்பிள்ளை பார்க்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வேறு நெருக்குவார்கள். தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்டத்தில் தேர்வுத் தேதி இருக்கும். அதைக் காட்டி, இந்தத் தேதி வரைக்கும் எனக்கு இந்த நேரம் வேண்டும், அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசலாம் என்று கேளுங்கள். கம்பெனி வேலையில் இருப்பவர்கள் எடுத்த எடுப்பில் வேலையை விட வேண்டாம். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளையும் காலை நேரத்தையும் பிடியுங்கள். கையில் கொஞ்சம் சேமிப்போடு, தேர்வுக்கு முந்தைய மாதங்களில் விடலாமா என்று யோசியுங்கள்.

வீட்டில் இடமில்லை, சத்தம் என்பவர்கள் நூலகத்துக்குப் போங்கள். பல நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் வந்திருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவச வகுப்பு நடத்துகிறார்கள். கடன் வாங்கிப் பெரிய கோச்சிங் சென்டரில் சேர்வதற்கு முன் அங்கே ஒரு முறை போய்ப் பாருங்கள். வட்டி கட்டிக்கொண்டு படிப்பது பெரிய பாரம். புத்தகத்தைத் திறந்தாலும் தவணைத் தேதிதான் கண் முன்னால் நிற்கும்.

நேரத்தை இப்படிக் கேட்டு வாங்கிப் படிக்கிறவர்களுக்கு முதல் தேர்வாகக் குரூப் 4 சரியானது என்பது என் கருத்து. பத்தாம் வகுப்புத் தகுதி போதும். ஒரே ஒரு எழுத்துத் தேர்வு, நேர்முகம் கிடையாது. குரூப் 2 என்றால் முதல்நிலை, முதன்மை என்று நீளும், அவ்வளவு காலம் வீடு தாங்காது. முதலில் ஒரு சம்பளம் உள்ளே வரட்டும். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 19,500 ரூபாயில் தொடங்குகிறது, அதன் மேல் அகவிலைப்படி. அந்தச் சம்பளத்தில் நின்றுகொண்டு குரூப் 2 எழுதுங்கள். இந்த முறை உங்கள் நேரத்தை நீங்களே வாங்கலாம்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் மனத்திறனும். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆனால் 60 என்பது வாசல்தான், வேலை கிடைப்பவர்கள் தமிழில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகப் போடப் பார்ப்பார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த நமக்கு இதைவிடச் சாதகமான பகுதி இல்லை. செய்யுளுக்குக் கீழே இருக்கும் சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, நூலையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லும் நூல்வெளிப் பெட்டி எதையும் தாண்டிப் போகாதீர்கள். கணக்கில் பயப்படுகிறவர்கள் விகிதம், வட்டி, மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி), வேலையும் நேரமும் ஆகியவற்றை முதலில் எடுங்கள். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்றால் எழுநூறுக்கு எவ்வளவு என்று சின்ன வயதிலிருந்தே மனக்கணக்குப் போட்டவர்கள் நீங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் எந்த வட்டத்தையும் நிரப்பாமல் ஒரு கேள்வியைக் காலியாக விட்டால் கழிப்பார்கள். விடை தெரியவில்லை என்பதற்கு ஐந்தாவது வட்டம் இருக்கிறது. விடைத்தாளில் உள்ள அறிவுரைகளை வீட்டிலேயே ஒரு மாதிரித் தாளில் பழகிவிட்டுப் போங்கள்.

டைப்ரைட்டிங் தெரிந்தால் தட்டச்சர் பணியிடங்களுக்கும் கதவு திறக்கும். இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டும் முதுநிலை முடித்தவர்களுக்கு முன்னுரிமை. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு தினம் ஒரு மணி நேரம் போய்வந்தால் கல்லூரி முடிவதற்குள் இரண்டையும் முடித்துவிடலாம்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புவது காகிதங்கள் பற்றி. வீட்டில் ஒரு அரசு ஊழியர் இருந்தால் இதெல்லாம் சாப்பாட்டுப் பேச்சிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். நம் வீடுகளில் சொல்ல ஆள் இல்லை. படிப்பில் தோற்காமல் காகிதத்தில் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ் வழியில் படித்ததற்குச் சான்றிதழ் வேண்டும். மூன்று பள்ளியில் படித்திருந்தால் மூன்று தலைமையாசிரியர்களிடமும் வாங்க வேண்டும். தேர்வாணையம் கொடுத்திருக்கும் படிவத்தில்தான் இருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள், இந்த மாதமே போய் வாங்கி வையுங்கள். என்னோடு படித்த ஒருத்தி முதல் இரண்டு வகுப்பை ஆங்கில வழி நர்சரிப் பள்ளியில் படித்திருந்தாள். ஆசையாகப் பெற்றோர் சேர்த்த பள்ளி அது. அவளால் இந்த ஒதுக்கீட்டைக் கேட்க முடியவில்லை. இப்படி இருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு பொதுப் போட்டிக்குத் தயாராகுங்கள். பெண்களுக்கு 30 விழுக்காடு தனியாக இருக்கிறது.

சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கணவர் பெயர் போட்டு வாங்கிய சான்றிதழைக் கொண்டுபோய்ச் சான்றிதழ் சரிபார்ப்பில் திண்டாட வேண்டாம். இ-சேவை மையத்தில் 60 ரூபாயில் விண்ணப்பித்துவிடலாம். பெயரில், தலையெழுத்தில், பிறந்த தேதியில் பள்ளிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் இப்போதே சரிசெய்யுங்கள். ரயில்வே, எஸ்எஸ்சி போன்ற மத்திய அரசுத் தேர்வுகளுக்கும் சேர்த்துத் தயாராகும் பிசி, எம்பிசி பிள்ளைகள் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். தேர்வாணையத்தில் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து வருஷம் செல்லும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு அந்தக் கட்டணம் இல்லை, பிசி, எம்பிசிக்கு மூன்று முறை சலுகை உண்டு.

வேலை கிடைத்தவுடன் நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சம்பளம் வரும், வீட்டுக் கடன் அடையும், அக்கா கல்யாணம் முடியும், அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். துறைத் தேர்வுகள் வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கின்றன. அவற்றை முடிக்காமல் பதவி உயர்வு வராது. சேர்ந்த புதிதில், படிக்கும் பழக்கம் விட்டுப்போவதற்குள், எழுதிவிடுங்கள். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று போனவர்கள் இருக்கிறார்கள்.

முதல் சம்பளத்தில் அம்மாவின் பீடி வேலையை நிறுத்தச் சொல்லலாம் என்று பலருக்கும் ஆசை. எனக்கும் இருந்தது. எங்கள் அம்மா நிறுத்தவில்லை, "பி.எஃப். இருக்குது, கார்டு இருக்குது, எதுக்கு விடணும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொழிலாளர் என்ற அடையாள அட்டை இருக்கும் பீடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கலாம். அட்டை வீட்டில் இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பில் தம்பியோ தங்கையோ அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசுக் கல்வி உதவித்தொகைத் தேர்வு பற்றி இந்த வாரமே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். வருமானச் சான்றிதழையும் வங்கிக் கணக்கையும் நீங்களே கூடப் போய் முடித்துக் கொடுங்கள். அந்தப் பணம் வருகிற நான்கு வருஷமும் அந்தப் பிள்ளையைச் சாயங்காலத்தில் முறத்தின் முன்னால் உட்கார வைக்காமல் இருக்க அம்மாவிடம் பேச உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்.