செம்மண்ணுக்கு அடியில் ஒரு காலணா

உலோகம் கண்டறியும் கருவியைக் கையில் எடுத்ததும் பலரும் சென்சிட்டிவிட்டியை, அதாவது அதன் உணர்திறனை, கடைசிவரை ஏற்றிவிடுகிறார்கள். ஆழத்தில் கிடக்கும் நாணயம் வேண்டுமென்றால், எங்கள் கோத்தகிரி மண்ணில் அதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. இது இரும்பு ஊறிய செம்மண். ஏற்ற ஏற்ற மண்ணின் இரைச்சல்தான் காதை அடைக்கும். நாணயத்தின் மெல்லிய ஒலி அதற்குள் அமுங்கிப்போகும்.

காரணம் எளிது. கருவியின் நுனியில் தரையை ஒட்டி வீசும் கம்பிச்சுருள் தட்டுதான் காயில். அதிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் நாணயத்தைப் போய்ச் சேர்வதற்குள் வெகுவாகக் குறைந்துவிடும். திரும்பி வரும்போதும் அதே அளவுக்குக் குறையும். அதனால் ஆழம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் குறி ஏறக்குறைய 64-ல் ஒரு பங்குதான். இவ்வளவு நலிந்த குறியைப் பிடிக்க மண்ணை அமைதிப்படுத்துவதுதான் வழி.

எனவே நான் முதலில் செய்வது கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் ஒலியைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்வது. உலோகம் எதுவும் இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரையை ஒட்டிவரை மேலும் கீழும் அசைப்பேன். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒலி மாறாமல் நிற்கும் வரை விடமாட்டேன். தேயிலைச் சரிவிலிருந்து ஓடையோரக் கறுப்பு மண்ணுக்கு இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. இந்தப் பொறுமை இல்லாதவருக்கு விலையுயர்ந்த கருவி வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. அதன்பிறகுதான் சென்சிட்டிவிட்டி: இரைச்சல் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே.

அடுத்தது டிஸ்கிரிமினேஷன். இரும்பை ஒதுக்கும் இந்த வசதியை நான் ஏறக்குறைய அணைத்தே வைக்கிறேன். செம்மண்ணில் ஆழமாகக் கிடக்கும் செம்பும் வெள்ளியும் கருவியின் திரையில், உலோகத்தின் வகையைச் சொல்லும் எண்ணாக, இரும்பின் எண்ணையே காட்டக்கூடும். எண்ணை நம்பி ஒதுக்கினால் நாணயமும் சேர்ந்து போய்விடும். காதைத்தான் நம்ப வேண்டும். ஒரே இடத்தில் இடவலமாகவும், தொண்ணூறு பாகை திரும்பி நின்றும் வீசிப் பார்க்கிறேன். ஆணி பெரும்பாலும் ஒரு திசையில் ஒலித்து மறுதிசையில் உடைந்துபோகும். நாணயம் இரண்டிலும் உடையாமல், மெதுவாக முனகும். தோட்டத் தொழிலாளர்களின் பழைய வரிசை வீடுகளான லைன் வீடுகள் இருந்த இடங்களில் தகரக் கூரை ஆணிகள் நெல்லாய்ச் சிதறிக் கிடப்பதால் சிறிய காயில்தான் சரி. பெரிய காயில் ஆழம் போகும்தான், ஆனால் ஆணி, மண் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும்.

தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்த சமயத்தில் பெரியப்பாவின் தோட்டத்தில் இறங்கினேன். செடிகள் இடுப்புக்குக் கீழே இருந்ததால் வரிசைகளுக்கிடையே காயிலைத் தாராளமாக வீச முடிந்தது. "வேரில் மண்வெட்டி பட்டால் கருவியையே புதைத்துவிடுவேன், பார்த்துக்கொள்" என்றார் பெரியப்பா. மழை ஈரம் இறங்கியிருந்த பழைய நடைபாதையோரம், திரை இரும்பு என்றது. காதோ, இல்லை என்றது. ஒரு சாண் ஆழத்தில் கால் அணா. பச்சைக் களிம்புக்கு அடியில் கிரீடம் அணிந்த விக்டோரியாவின் முகம், மறுபக்கம் இந்தியா, 1862. அந்த 2 என்ற எண்ணின் வால் மட்டும் தேயாமல் கூர்மையாக இருந்தது.

வீட்டில் அத்தை உடனே புளியை எடுத்தார்; கையைப் பிடித்து நிறுத்தினேன். செப்பு நாணயத்தைப் புளி போட்டு விளக்கினால் களிம்போடு எழுத்தும் போய்விடும். தண்ணீரில் ஊறவைத்து மென்மையாக மண்ணை நீக்கினாலே போதும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நானும் எழுதிக் கொடுத்தேன். வனத்துறை நிலத்திலும், மலை முகடுகளில் இருக்கும் பழங்காலக் கல்வட்டங்களின் அருகிலும் கருவியோடு போகவே கூடாது. அவை தோண்டிப் பார்ப்பதற்கான இடங்கள் அல்ல; சொந்த நிலமும் உரியவரின் சம்மதமும் மட்டுமே நமக்குரியவை.

மேற்குச் சரிவில் கவாத்து தொடங்கியதும் அங்கே இறங்கப்போகிறேன்; பெரியப்பா சரி என்று சொல்லிவிட்டார்.