பத்து நாள் அவகாசம் ஒரு பிற்பகலாகும் விதம்

சென்ற வாரம் இராயக்கோட்டைச் சந்தையில், என்னோடு பல ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றிய ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். கெலமங்கலம் ஒன்றியத்தில் உள்ள ஓர் ஈராசிரியர் பள்ளியில் இப்போது பொறுப்புத் தலைமையாசிரியராக இருக்கிறார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அவருடைய கைப்பேசி ஐந்தாறு முறை ஒலித்துவிட்டது. "நீங்கள் கொடுத்துவைத்தவர் சார், இந்தக் குழுக்களிலிருந்தெல்லாம் விலகிவிட்டீர்கள்" என்று சொல்லிக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினார். சென்னையிலிருந்து கல்வித் துறை இயக்குநரின் செயல்முறைகள் என்னும் ஆணைக் கடிதம் ஒன்று, அதன்மேல் மாவட்ட அலுவலகத்தின் கடிதம், அதற்கும் மேல் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு வரிக் குறுஞ்செய்தி: இன்று மாலை நான்கு மணிக்குள், தவறினால் தலைமையாசிரியரே பொறுப்பு. பழக்க தோஷத்தால் நான் முதலில் பார்த்தது தேதியைத்தான். சென்னையில் அக்கடிதம் கையொப்பமாகிப் பதினோரு நாட்கள் ஆகியிருந்தன.

இந்தப் பதினோரு நாட்கள் எங்கே போயின என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பணியில் இருந்தபோது இதை எழுத நடத்தை விதிகள் இடம் கொடுக்கவில்லை; ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆன பின்பும் எழுதாமல் இருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

நான் 1991-இல் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமாக இல்லை. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில், ஒகேனக்கல் முதல் ஓசூர் வரை, தளி முதல் அரூர் வரை எல்லாம் அடங்கியிருந்தன. சென்னையிலிருந்து தபாலில் வரும் ஆணை தருமபுரிக்குச் சென்று, அங்கே தட்டச்சு செய்யப்பட்டு, உதவித் தொடக்கக் கல்வி அலுவலகத்துக்கு வந்து சேரும். சம்பள நாளன்றோ மாதக் கூட்டத்தன்றோ தலைமையாசிரியர் அங்கு சென்று, தமக்குரிய தாள்களை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுவார். ஓர் ஆணை பள்ளியை அடைய மூன்று வாரங்கள் ஆவது வழக்கம். அது பொற்காலம் என்று சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்த பிறகே அறிவிப்பு கைக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பணம் சேராமல் போனதையும் கண்டிருக்கிறேன். ஆனால் அன்று தாமதம் கண்ணுக்குத் தெரிந்தது; உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரையைக் காட்டி விளக்கம் சொல்ல முடிந்தது. இன்று ஆணை நொடியில் வருகிறது என்று எல்லோரும் நம்புவதால், தாமதத்தின் முழுப் பழியும் கடைசியாக அதைப் பெறுபவரின் தலையில் விழுகிறது.

கணக்கு எளியது. இயக்குநர் அலுவலகம் ஒரு விவரத்தைக் கேட்டுப் பத்து நாட்கள் அவகாசம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்தில் அக்கடிதம் பிரிவு எழுத்தர், கண்காணிப்பாளர், நேர்முக உதவியாளர், அலுவலர் என்று மேசை மேசையாக நகர இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. மாவட்டத் தொகுப்பு அறிக்கையை ஒரு நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும் என்பதால், மாவட்டம் வட்டாரத்திடம் ஐந்தாம் நாளே கேட்கிறது. வட்டாரக் கல்வி அலுவலரும் தம் தொகுப்புக்காக இரண்டு நாட்களை ஒதுக்கி வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் தமக்கென்று கொஞ்சம் பாதுகாப்பு எடுத்துக்கொள்வதில் தவறில்லை; அவரவர் இடத்தில் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆயினும் எல்லோரும் எடுத்துக்கொண்டது போக மீதமாவது ஒரு பிற்பகல்தான், அதிலும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும் பிற்பகல். நான் பார்த்த கடிதத்தில் மேலிடம் கொடுத்த அவகாசம் தாராளமாகவே இருந்தது. அதைப் பள்ளி பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பிற்பகல் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், ஆசிரியர்கள் இருவர், அவர்களில் ஒருவரே தலைமையாசிரியர். எங்கள் பக்கத்து மலையடிவார ஊர்களில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் இவ்வகையைச் சேர்ந்தவைதான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களிலும், பென்னாகரத்துக்கு அப்பால் மலைமேல் இருக்கும் சிற்றூர்களிலும் வேறு வகைப் பள்ளியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 2022 ஜூன் மாதம் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, ஒரே அறையில் மூன்று குழுக்களாகக் கற்பிக்கச் சொல்கிறது. நல்ல முறை, மனமார ஏற்றுக்கொண்டே அதை நடத்தினேன். ஆனால் அம்முறைக்கு ஆசிரியர் அறைக்குள் இருந்தாக வேண்டும். இருவரில் ஒருவர் அலைவரிசை கிடைக்கும் பாறைமேல் நின்று படிவம் பதிவேற்றிக்கொண்டிருந்தால், பள்ளியின் ஆசிரியர் பலத்தில் சரிபாதி அன்று பள்ளியில் இல்லை என்று பொருள். ஐம்பது ஆசிரியர்களும் அலுவலக உதவியாளரும் உள்ள நகர மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் அதே தாள், அதே கெடுவுடன் இங்கும் வருகிறது.

கேட்கப்படும் விவரங்கள் புதியவையாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாணவர் எண்ணிக்கை, கட்டடம், குடிநீர், மின் இணைப்பு எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளமான எமிஸில் ஏற்கெனவே இருக்கின்றன. இருந்தும், ஒரே ஆண்டில் எங்கள் நடுநிலைப் பள்ளியின் கழிப்பறை விவரத்தை நான்கு வெவ்வேறு ந.க. (கோப்பு) எண்களின்கீழ் நான்கு படிவங்களில் அனுப்பினேன். ஒரு படிவம் மொத்த எண்ணிக்கையைக் கேட்டது. மற்றொன்று பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் கேட்டது. மூன்றாவது இவ்விரண்டில் எதைக் கேட்கிறது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேள்விகள் வேறுபட்டதால் விடைகளும் வேறுபட்டன. எண்கள் ஏன் முரண்படுகின்றன என்று கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. நான்கு படிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, தலைப்புகளுக்கு அடிக்கோடிட்டு, இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்களா என்பது தெரியாது; மறுபடி கேட்கவில்லை. பழுதான கதவும் அந்த ஆண்டு முழுவதும் பழுதாகவே இருந்தது.

இதைத் தவிர்க்க முடியாத அலுவலக நடைமுறை என்று சொல்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்தின் சொந்த வரலாற்றையே நினைவூட்ட விரும்புகிறேன். 1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, பெண் எழுத்தறிவு தேசிய சராசரிக்குக் கீழே இருந்த மாவட்டங்களில் ஒன்று என்ற முறையில், தமிழ்நாட்டின் முதற்கட்டத்திலேயே தருமபுரி தேர்வு பெற்றது. மாநிலம் முழுமைக்கும் ஒரே திட்டம் என்றில்லாமல், மாவட்டமே தன் குறையைக் கண்டு தன் திட்டத்தை வகுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் துணையும் தரும் வட்டார வள மையம் என்ற அமைப்பும் அந்த வழியில்தான் எங்களிடம் வேர்கொண்டது. பத்தாண்டு கழித்து, 2004 பிப்ரவரி 9-இல், கிருஷ்ணகிரி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே அதுதான் கடைசி. இத்தகைய மாவட்டத்தில் அலுவலகம் என்பது மேலிருந்து வரும் தாளுக்கு உறை மாற்றி அனுப்பும் இடமாக இருந்தால் போதாது.

பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கூட்டத்தின் நாள், நேரம், பேச வேண்டிய பொருள் என அனைத்தும் மாநிலத்திலிருந்தே வருகின்றன. எங்கள் ஊரில் குழுவின் தாய்மார்கள் பெரும்பாலும் விடியற்காலையில் சாமந்தி பறிக்கவோ, தக்காளி எடுக்கவோ செல்பவர்கள். கூலி முடிந்து வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு மறுபடி வெளியே வர மாலை ஐந்தாகும். மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் வருகைப் பதிவேட்டில் கையொப்பம் இருக்கும், கூட்டம் இருக்காது. மாவட்ட அளவில் ஒரே ஒரு வரி, அதாவது ஊரின் வேலை நேரத்துக்கு ஏற்பத் தலைமையாசிரியர் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற வரி, சேர்க்கப்பட்டிருந்தால் போதும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பும் இப்படித்தான். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பல பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகின்றன. வீடு பூட்டியிருக்கும்போது கதவைத் தட்டினால் என்ன கணக்கு கிடைக்கும்? மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் கர்நாடகத்துக்குப் போன பிள்ளையை எமிஸின் பொதுத் தொகுப்பில், அதாவது பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பட்டியலில், விட்டுவிடலாம். அந்தப் பிள்ளை அங்கே ஏதேனும் ஒரு பள்ளியில் சேர்ந்ததா என்பதைப் பொதுத் தொகுப்பு சொல்லாது. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகள் இருப்பதையும், தமிழ் வழிப் பள்ளியிலேயே வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் நிறைந்திருப்பதையும் துறைத் தலைமையகம் உள்ள சென்னைக் கல்லூரிச் சாலையில் இருப்பவர் ஒவ்வொரு கடிதத்திலும் நினைவில் வைக்க முடியாது. ஓசூரில் அமர்ந்திருப்பவரால் முடியும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இப்போது செய்தி ஆணையை முந்திக்கொள்கிறது. 2025 ஆகஸ்ட் 8-இல் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது, பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்பது அன்று மாலைக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. 2017-18-இல் தொடங்கிய தேர்வு அது. அடுத்த வேலை நாளில், பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் வாயிலில் நின்ற பெற்றோர், இந்த ஆண்டு முதலா, சென்ற ஆண்டு தவறியவர்கள் என்ன செய்வது என்று கேட்டதாக அங்குள்ள நண்பர் சொன்னார். ஆணை கைக்கு வராமல் தலைமையாசிரியர் எதையும் சொல்ல முடியாது. தெரியாது என்று சொன்னால் மதிப்பும் இல்லை. நிர்வாக மாற்றங்களும் இவ்வாறே. 2018 மே மாதத்து அரசாணை 101 தொடக்கக் கல்வி நிர்வாகத்தை முதன்மைக் கல்வி அலுவலரின்கீழ் ஒன்றாக்கியது. 2022-இல் தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக் கல்விக்கும் தனித்தனி மாவட்டக் கல்வி அலுவலர்கள் மீண்டும் வந்தனர். இரண்டு முறையும், எந்தக் கோப்பை யாருக்கு முகவரியிடுவது என்று புரிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின. புதிய ஆணை எதைச் செய்ய வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. எந்தப் பழைய ஆணை இன்றோடு முடிகிறது என்பதை அதே தெளிவோடு சொல்வதில்லை. முந்தைய ஆணைகளுக்குப் பார்வை 1, பார்வை 2 என்று எண் மட்டும் இருக்கும். அந்தப் பார்வைகள் பள்ளியில் இருக்காது.

எல்லா அலுவலர்களும் அப்படி என்று எழுதினால் அது நன்றி கெட்ட எழுத்தாகிவிடும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஒன்றியத்துக்கு ஓர் அலுவலர் வந்தார். எந்தக் கடிதத்தையும் நகலெடுத்து அனுப்புமுன், அதன் மேல் ஓரத்தில் பச்சை மையால் மூன்று செய்திகளை எழுதுவார்: இது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, இதில் கேட்டுள்ள எந்த விவரம் ஏற்கெனவே தம் அலுவலகத்தில் இருக்கிறது. பொருந்தாத பள்ளிகள், 'எங்களிடம் ஏதும் இல்லை' என்று தெரிவிக்கும் இன்மை அறிக்கை தர வேண்டியதில்லை என்பதையும் சேர்த்து எழுதுவார். ஒருமுறை, விடுதி உள்ள பள்ளிகளுக்கான படிவம் ஒன்று எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தபோது, மேலிடத்துக்குத் தாமே ஒரே அறிக்கையாக அனுப்பிவிட்டு, எங்களுக்கு அதன் நகலைத் தகவலுக்காக மட்டும் தந்தார். எங்கள் ஒன்றியத்தின் அறிக்கைகள் தாமதமானதாக அந்த இரண்டரை ஆண்டுகளில் ஒரு நினைவூட்டுக் கடிதமும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு, அந்த மாலை நான்கு மணிப் படிவத்தை மறுபடி திறந்து நான் முதலிலிருந்து படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், இவ்விவரம் நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு மட்டும் என்று இருந்தது. அவருடையது தொடக்கப் பள்ளி. குழுவில் அதைத் தெரிவித்தார். இன்மை அறிக்கை அனுப்புக என்று பதில் வந்தது. நான்கு மணிக்கு இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன.