அடி தாங்கிய ஸ்வீடன்காரர்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணிகளில் இன்று ஸ்வீடன்காரர்களைப் பார்ப்பது சர்வசாதாரணம். 1973இல் நிலைமையே வேறு. கிருனா என்ற சுரங்க ஊர்ப்பக்கத்திலிருந்து பொர்யே சால்மிங் கனடாவின் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்கு வந்தபோது, ஐரோப்பியர்கள் அடி தாங்கமாட்டார்கள் என்பது அங்கே வேதவாக்கு. ‘கோழி’, அதாவது பயந்தாங்கொள்ளி, என்று ஏளனம் வேறு. எதிரணியினர் மட்டையால் குத்தினார்கள், சுவரோடு சேர்த்து மோதினார்கள். மனிதர் அசரவில்லை. சீறி வரும் ரப்பர் வட்டின் குறுக்கே உடம்பைப் போட்டுத் தடுக்கிறவரை என்னவென்று பயமுறுத்துவது?

1986இல் கோலுக்கு முன்னால் விழுந்துகிடந்தவரின் முகத்தில் இன்னொரு வீரரின் ஸ்கேட் கத்தி இறங்கியது. 200க்கும் மேற்பட்ட தையல்கள். அந்தப் புகைப்படத்தைச் சாப்பிடும் நேரத்தில் தேடிப் பார்க்காதீர்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, நாடுகளுக்கு இடையே நடந்த 1976 கனடா கோப்பைப் போட்டி. ஸ்வீடன் சீருடையில் வந்து நின்ற அவருக்கு டொரான்டோ ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். சொந்த நாட்டுக்கு எதிரணி என்பதையே மறந்துவிட்டார்கள்!

லீஃப்ஸ் அணிக்காக 16 பருவங்கள் ஆடினார். 1996இல் ஹாக்கி புகழ்மன்றத்தில் இடம்பெற்ற முதல் ஸ்வீடன்காரரும் அவர்தான். வட அமெரிக்க லீக்கின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பை மட்டும் கைகூடவில்லை. அன்றைய லீஃப்ஸ் நிர்வாகம் நடந்த லட்சணத்துக்கு, அந்தப் பழியை அவர்மேல் போடவே முடியாது.