சுரந்த நஞ்சு சுரப்பியையே செரித்துவிடாதது எப்படி?

பாம்பின் நஞ்சு அதன் பித்தப்பையில் ஊறுகிறது என்று ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலும் நம்பியவர்கள் இருந்தார்கள். 1664இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி, விரியன்களை அறுத்து ஆராய்ந்து, நச்சுப்பல்லைப் போர்த்திய உறையில் கசியும் மஞ்சள் நீர்தான் நஞ்சு என்றும், அது வயிற்றுக்குள் போவதால் அல்லாமல் குருதியில் கலப்பதால்தான் கொல்லுகிறது என்றும் எழுதினார். அந்த நீர் எங்கே உருவாகிறது, அங்கே எப்படிக் கெடாமல் கிடக்கிறது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையான கேள்வியாகப் படுகிறது.

மேல்தாடையின் இருபுறமும், கண்ணுக்குப் பின்னால், ஒவ்வொரு நச்சுச் சுரப்பி இருக்கிறது. நம் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் உறவுக்காரன் என்றே இதைச் சொல்லலாம். நஞ்சைச் சேர்த்து வைக்கத் தனியாக ஒரு பை கிடையாது. விரியன்களில் சுரப்பியின் நடுவே உள்ள அகன்ற குழிவே சேமிப்பிடம். நல்ல பாம்பின் குடும்பத்தில் அந்தக் குழிவு குறுகலானது, நஞ்சின் பெரும்பங்கு செல்களுக்குள்ளேயே நுண்மணிகளாகத் தங்கியிருக்கும். கடிக்கும்போது சுரப்பியைச் சூழ்ந்த தசை அதை அழுத்த, நஞ்சு நாளத்தின் வழியே பல்லின் உள்துளைக்குப் பாய்கிறது. எவ்வளவு பாய வேண்டும் என்பது அந்தத் தசையின் பிடியைப் பொறுத்தது என்பதால், நஞ்சே இறங்காத வெறுங்கடியும் நேர்வதுண்டு. நச்சுப்பல் தாடையின் பின்பகுதியில் அமைந்த பின்பல் நச்சுப்பாம்புகள் பலவற்றில் இத்தகைய பெரிய சேமிப்பிடமோ அழுத்தும் தசையோ இல்லாததால், அவற்றின் நஞ்சு மெதுவாகவே இறங்குகிறது.

சுரப்பி நிறைந்திருக்கும்போது அதன் உட்சுவர் செல்கள் குட்டையாக, ஏறக்குறைய வேலையற்று இருக்கின்றன. நஞ்சு வெளியேறியதும் நரம்பு முனைகளிலிருந்து வரும் நார்அட்ரினலின் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருள் அவற்றை எழுப்புகிறது. செல்கள் நெட்டையாக உயர்கின்றன, புரதம் தயாரிக்கும் உட்சவ்வுகள் அவற்றுக்குள் அடுக்கடுக்காகப் பெருகுகின்றன. விரியன்களில் இந்த உற்பத்தி முதல் வாரத்தையொட்டி உச்சத்தை எட்டி, பிறகு தணிந்து, சுரப்பி மீண்டும் நிறையச் சில வாரங்கள் ஆகின்றன. இரை பிடிக்க மட்டுமன்றித் தற்காப்புக்கும் இந்த இருப்பையே நம்பியிருக்கும் விலங்கு அதை வீணடிக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

உண்மையான புதிர் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விரியன் நஞ்சில் குருதிக்குழாய்ச் சுவரையே கரைக்கும் புரதம்பிளக்கும் நொதிகள் இருக்கின்றன. புரதத்தாலான ஒரு சுரப்பிக்குள், புரதங்களே நிறைந்த ஒரு திரவத்தில், உடல் வெப்பத்தில், வாரக்கணக்காக அவை கிடந்தும் ஒன்றையொன்று அறுத்துக்கொள்வதில்லை. காரணம் ஒன்றல்ல. பல நொதிகள் உருவாகும்போதே, அவற்றின் வினைமையத்தை, அதாவது வேலை செய்யும் பகுதியை, மூடி நிற்கும் ஒரு துண்டோடு பிறக்கின்றன. அடுத்து, நொதிகளை மந்தமாக்கும் சேமிப்பிடத்தின் அமிலத்தன்மை: விரியன் வகையான கிலுகிலுப்பைப் பாம்புகளில் அது பி.எச். (7க்குக் கீழே போகப் போக அமிலம் கூடும் அளவை) 5.4 அளவில் இருப்பது அறியப்பட்டிருக்கிறது. சுரப்பிச் சுவரில் ஆங்காங்கே இருக்கும், நம் இரைப்பையின் அமிலம் சுரக்கும் செல்களை ஒத்த செல்களே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இந்த நொதிகள் வேலை செய்யத் துத்தநாகமும் கால்சியமும் தேவை. நஞ்சில் மிகுந்திருக்கும் சிட்ரேட் (எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) அந்த அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. போதாதென்று, மூன்றே அமினோ அமிலங்களாலான சிறு பெப்டைடுகள் நொதியின் வாயிலேயே போய் அமர்ந்து அதை அடைக்கின்றன.

இந்தக் கட்டுகள் எதுவும் நிரந்தரமானவை அல்ல என்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. இரையின் திசுவுக்குள் நுழைந்ததும் நஞ்சு நீர்த்துப்போகிறது, பெப்டைடுகள் கழன்று விலகுகின்றன, குருதியின் 7.4 என்ற பி.எச். அமிலத்தை நடுநிலையாக்குகிறது; கால்சியமும் தாராளமாகக் கிடைக்கிறது. விடுவிக்கத் தனியாக ஒரு கருவி வேண்டியதில்லை, கடியே போதும்.

2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பவளப்பாம்பின் கருவிலிருந்து எடுத்த திசுவைக் கொண்டு ஆய்வுக்கூடத் தட்டில் சிறு நச்சுச் சுரப்பிகளை வளர்த்தார்கள். பாலூட்டி செல்களுக்குரிய 37 பாகையில் அல்லாமல் 32 பாகை செல்சியஸில் அவை செழித்து, செயல்படும் நஞ்சையும் சுரந்தன. ஒரே சுரப்பியின் வெவ்வேறு செல்கள் வெவ்வேறு நச்சுப்பொருள்களைத் தயாரிக்கின்றன என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே நஞ்சு என்பது ஒரே வகைச் செல்லின் ஒரே சாறல்ல, பலவகைச் செல்கள் தனித்தனியே சுரந்து ஒரே குழிவில் சேர்க்கும் கலவை.