பழைய பி.எஸ்.ஏ. காற்றுத் துப்பாக்கி: பட்டறை நாட்குறிப்பு

2024 மார்ச் 2, சனி

மேசைக்கு வந்திருப்பது பர்மிங்காம் பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் ஏர் ரைஃபிள். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் செய்தது. 2ஆம் எண் துளை, அதாவது .22 அங்குலம். வடிவமைப்பு லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பவருடையது; 1905இல் பி.எஸ்.ஏ. அதைச் செய்யத் தொடங்கியது. பாரலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். குண்டைப் போடுவது பாரலின் பின்முனையில் இருக்கும் கூம்பு வடிவ டேப்பில் (tap; தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி திருப்பித் திறந்து மூடும் அடைப்பு). மரக்கட்டையின் கைப்பிடிப் பகுதியில், சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளின் முத்திரை இன்னும் தெளிவாக இருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் வேகமானியில் பத்து குண்டு. 14.5 கிரெயின் குண்டுக்குச் சராசரி விநாடிக்கு 301 அடி. குண்டின் ஆற்றலுக்கான கணக்கு எளிது: கிரெயின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240ஆல் வகுக்க வேண்டும். 2.9 அடி-பவுண்டு வந்தது. நல்ல நிலையில் இந்த ரகம் இதைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். அதிகமாகவும் குறைவாகவும் மாறி மாறி வந்த வேகமே காற்று எங்கோ கசிகிறது என்று சொல்லிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேகம் குறைந்திருக்கும், ஆனால் இப்படித் தாவாது.

வேகம் குறைந்ததும் பலர் முதலில் வாங்குவது கனமான ஸ்பிரிங். பழைய துப்பாக்கியைக் கெடுக்க அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கசிவு அப்படியே இருக்க, முன்னால் மெத்தையாக நிற்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரின் முன்சுவரில் போய் மோதும். நெம்புகோலின் கீல் ஆணி, டிரிகரின் பிடிப்பல் எல்லாம் தேயும்.

மார்ச் 3, ஞாயிறு

பிரித்தல். திருப்புளியின் நுனியை முதலில் அரத்தால் ராவி, திருகின் வெட்டில் இடைவெளியே இல்லாமல் உட்காரும்படி செய்தாயிற்று. கடையில் வாங்கும் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிவானது. எண்பது, தொண்ணூறு வருடத் திருகின் தலையை ஒரே முறுக்கில் சிதைத்துவிடும். இறுகிப்போன திருகுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊற வைத்திருந்தது.

டிரிகர் இருக்கும் பின்கட்டை மரைபோட்டுச் சிலிண்டருக்குள் ஏறியிருக்கும். அது சுழலாமல் தடுக்கச் சின்னப் பூட்டுத்திருகு ஒன்று உண்டு. அதைக் கவனிக்காமல் முறுக்கினால் மரை போச்சு. ஆபத்தான கட்டமும் இதுதான்: மரை முழுக்கக் கழன்ற பிறகும் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கும். இதில் 45 மி.மீ. பாக்கி இருந்தது. கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. தச்சர்கள் வைத்திருக்கும் நீளக் கிளாம்பில் முன்னும் பின்னும் பலகைத் துண்டு கொடுத்து இறுக்கி, கடைசி இரண்டு மரையைக் கிளாம்பின் தயவில் கழற்றி, பிறகு மெதுவாகத் தளர்த்த வேண்டும். கிளாம்ப் இல்லாமல் செய்தால் கடைசி மரை சாய்ந்து பிய்யும். முகம் தப்பினாலும் துப்பாக்கி தப்பாது.

ஸ்பிரிங்கைக் கண்ணாடித் தகட்டில் உருட்டியதில் ஆட்டம் இல்லை, நேராக ஓடியது. முனைகளும் தட்டை. அதுவே திரும்பப் போகும்.

பிஸ்டன் முனைத் தோல் வாஷர்தான் குற்றவாளி. சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் கிண்ணத்தின் தடித்த அண்ணன் அது. விளிம்பு கருகி, காய்ந்த அப்பளம் போல நொறுங்கிற்று. கருகல் எண்ணெயால் வந்தது: யாரோ காற்றுத் துளை வழியாகத் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்தும் வேகத்தில் சூடாகும் காற்று அந்த ஆவியைப் பற்றவைக்கும், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல.

மார்ச் 4, திங்கள்

வாஷர் வேலை. மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல், 3.5 மி.மீ. தடிமன். குரோமில் பதனிட்ட தோல் வேண்டாம்; அது கிண்ண வடிவத்தைப் பிடித்து நிற்காது. சிலிண்டரின் உள்விட்டம் அளந்தபோது 25.4 மி.மீ. அதே அளவு துளை போட்ட இரும்பு வளையம் ஒன்று, உள்ளே இறங்க 19 மி.மீ. உருளை ஒன்று. இரண்டு பக்கமும் 3.5 வீதம் கழித்தால் 18.4தான் வரும். கணக்கு அதுவென்றாலும் ஈரத்தோல் நசுங்குவதால் 19 வைத்தால்தான் சுவர் கெட்டியாக நிற்கும்.

40 மி.மீ. வட்டமாக வெட்டி, கை பொறுக்கும் சூட்டு நீரில் கால் மணி நேரம். கொதிநீர் தோலைச் சுருட்டிவிடும். வழவழப்பான பக்கம் வெளியே வருகிற மாதிரி வளையத்தின்மேல் வைத்து, வைஸில் உருளையால் மெல்ல அமுக்கி இறக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். முதல் துண்டு அப்படித்தான் போயிற்று.

மார்ச் 7, வியாழன்

அச்சிலேயே மூன்று நாள் காய்ந்தது. அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் கூடாது. விளிம்பைச் சவரக் கத்தியால் 7 மி.மீ. உயரத்துக்குச் சமமாக வெட்டி, நடுவில் திருகுக்குத் துளை. பிறகு மாட்டுக்கால் எண்ணெயில் ஓர் இரவு.

மார்ச் 9, சனி

எண்ணெயிலிருந்து எடுத்ததும் பழைய துணியில் சுற்றி நன்றாகப் பிழிய வேண்டும். பிழிந்தது போதவில்லை என்பது மதியம்தான் தெரிந்தது.

திருகின் தலைக்கு அடியிலும் காற்று நுழையும் என்பதால் ஒரு மெல்லிய தோல் வட்டு. பிஸ்டனின் பக்கங்களிலும் ஸ்பிரிங்கிலும் மாலிப்டினம் கிரீஸ், விரலால் தடவிய அளவு. வாஷருக்கு முன்னால் ஒரு துளிகூட வேண்டாம்.

முதல் குண்டு 590 அடி, பாரலின் வாயில் புகை, சத்தம் சாட்டையடி. அது 11.2 அடி-பவுண்டு. பிரிட்டனில் ஏர் ரைஃபிளுக்கான வரம்பு 12. தாண்டினால் உரிமம் வேண்டிய ஆயுதமாகிவிடும். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் வரம்புக்குள் இருப்பதற்கே சான்றிதழ் தேவை. மிச்ச எண்ணெய் எரிகிறது என்பது தெளிவு. உடனே நிறுத்தி, பிரித்து, மறுபடி துடைத்து மாட்டியது. அதன்பின் பத்து குண்டின் சராசரி 452, அதாவது 6.6 அடி-பவுண்டு.

குண்டு இல்லாமல் விசையை இழுத்துப் பார்க்கும் பழக்கம் இங்கே கூடவே கூடாது. அழுத்தம் எதிர்த்து நிற்காததால் பிஸ்டன் முட்டும்.

மார்ச் 10, ஞாயிறு

டேப்பைச் சுற்றி மெல்லிய டிஷ்யூ காகிதம் பிடித்துச் சுட்டுப் பார்த்ததில் இடப்பக்கம் லேசாகப் படபடத்தது. மணல்பசை போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். கூம்பு தேயத் தேய டேப் உள்ளே இறங்கும். அதன் துளை பாரலின் துளைக்கு நேராக நிற்காது, குண்டின் ஓரம் சீவிக்கொண்டு போகும். அதனால் தேய்க்கவில்லை. டேப்பின் நட்டைக் கால் சுற்று இறுக்கி, கெட்டியான கிரீஸ் பூசியதில் படபடப்பு பாதியாயிற்று.

குண்டின் அளவையும் பார்க்க வேண்டும். இன்றைய .22 குண்டு பெரும்பாலும் 5.5 மி.மீ.; அந்தக் காலத்துப் பாரலில் தளர்வாக ஓடும். 5.6 மி.மீ. ஈலி வாஸ்ப் குண்டு வைத்ததும் பத்து கஜத்தில் குண்டுகள் சிதறி விழும் வட்டம் பாதியாகச் சுருங்கிற்று. டேப்பில் போடும்போது குண்டின் பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்காமல், மூக்கு முன்னோக்கி விழ வேண்டும். நெம்புகோலை முழுக்க மூடி மாட்டிய பிறகுதான் டேப்பைத் திறப்பது.

மார்ச் 16, சனி

ஐம்பது குண்டு போன பிறகு தோல் படிந்துவிட்டது: சராசரி 468, ஏறத்தாழ 7 அடி-பவுண்டு, பத்துக்குள் ஏற்ற இறக்கம் 14 அடி. வெளிப்பக்கத் துருவை மிக நுண்ணிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் வைத்துத் தடவியது, அவ்வளவே. நீலப்பூச்சு புதிதாகப் போடவில்லை. வால்நட் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை. டேப்பின் கசிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும்.