மகளின் கண்ணீர்ப் பாதை அடைப்பு: மசாஜிலிருந்து புரோபிங் வரை

மகள் பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் இடது கண்ணில் ஓயாமல் நீர் கோத்து நின்றது. தூங்கி எழுந்தால் பீளை கட்டி இமை ஒட்டிக் கிடக்கும். ஆச்சி கண்ணில் தாய்ப்பால் விடச் சொன்னார். அதை மட்டும் நான் கேட்கவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, "கண்ணு சிவக்கல, வெளிச்சத்துக்குக் கூசல. கண்ணீர்ப் பாதைதான் அடைச்சிருக்கு" என்றார்.

கண்ணீர் மூக்குக்குள் வடியும் குழாயின் கடைசியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பிறக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். திறக்காத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதுவரை மசாஜ்தான்.

அந்த மசாஜை நேரில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, கை கழுவி, சுண்டுவிரல் நுனியைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் இடையில் வைத்து அழுத்த வேண்டும். அழுத்தம் விடாமல் மூக்கோரமாகக் கீழே இழுக்க வேண்டும். சும்மா தடவிக்கொடுத்தால் பலன் இல்லை. கண்ணின் உள்மூலையருகே உள்ள கண்ணீர்ப் பையில் தேங்கிய நீர் இறங்கி அந்தச் சவ்வை முட்ட வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை மருத்துவர் என் புறங்கையில் அழுத்திக் காட்டினார். சரியான இடத்தில் பட்டால் கண்ணோரத் துளை வழியாகக் கொஞ்சம் பீளை எதுக்களித்து வரும். ஒரு வேளைக்குப் பத்து இழுப்பு, நாளுக்கு நாலு வேளை. பால் குடித்துக் கிறங்கும் நேரம்தான் தோது.

சொட்டு மருந்து அடைப்பைத் திறக்காது. பீளை மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் மட்டும், மருத்துவர் சொன்னால் போடலாம். கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விடாதீர்கள். கண்மூலை சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

எங்களுக்கு ஒரு வயது தாண்டியும் திறக்கவில்லை. கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தார்கள். வலது கண்ணில் வடிந்துவிட்டது, இடது கண்ணில் அப்படியே நின்றது. அப்புறம் புரோபிங்குக்குத் தேதி குறித்தார்கள். முழு மயக்கம் கொடுத்து, மழுங்கிய முனையுள்ள மெல்லிய கம்பியைக் கண்ணோரத் துளை வழியே இறக்கிச் சவ்வைத் திறப்பார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அதைவிடக் கஷ்டம் முந்தைய பட்டினி. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பும், தாய்ப்பால் நாலு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். பாலுக்கு அழும் குழந்தையை நான் தூக்கினால் இன்னும் அழுவாள் என்று அவள் அப்பாதான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். புரோபிங்குக்கு அன்றைய முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

அன்று மூக்கில் லேசாக ரத்தம் கலந்து வந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. முதல் தடவையில் சரியாகாத குழந்தைகளுக்கு மறுபடி புரோபிங் செய்வார்கள், அல்லது சிலிக்கோன் குழாயைச் சில மாதம் உள்ளே வைத்து எடுப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அடுத்த பரிசோதனையில் இரண்டு கண்ணிலும் சாயம் ஒன்றுபோல் வடிந்துவிட்டது.