மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சென்னையில் ஃப்ளூவும் கூடவே வந்துவிடும். ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும் என்பதால் செப்டம்பரிலேயே போட்டுக்கொள்வது நல்லது. போன வருடம் போட்டாச்சே என்று விட்டுவிடாதீர்கள். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, அதற்கேற்ப ஊசியையும் மாற்றுகிறார்கள்.

வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், ஆறு மாதம் முடிந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், இவர்களுக்கெல்லாம் கட்டாயம் வேண்டும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கர்ப்பிணிகளைப் பற்றி. “வயித்துல பிள்ளை இருக்கும்போது ஊசியா?” என்று வீட்டுப் பெரியவர்களே தடுத்துவிடுகிறார்கள். ஆனால் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்ப காலத்தில் ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரை போய்ப் பெரிய சிக்கலாகலாம். பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை இந்த ஊசி போட முடியாது. அதுவரை அம்மாவிடமிருந்து கிடைக்கும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குத் துணை.

அப்புறம், ஊசி போட்டால் ஃப்ளூ வருமோ என்ற பயம் வேண்டாம். வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். கை வலிக்கலாம், ஓரிரு நாள் லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், அவ்வளவுதான். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.